கப்பல் கயாவோவில் நிற்கும்போது மச்சு பிச்சு போய் வருவது எப்படி?

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையோரம் போகும் க்ரூஸ் கப்பல்கள் பலவும் பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்தில் நிற்கும். தலைநகர் லிமாவை ஒட்டியே இருக்கும் துறைமுகம் இது. பயணத் திட்டத்தில் லிமா என்ற பெயரைப் பார்த்ததும் பலருக்கும் ஓர் ஆசை வரும்: இவ்வளவு தூரம் போகிறோம், அப்படியே இன்கா மக்களின் பழைய மலை நகரமான மச்சு பிச்சுவையும் பார்த்துவிடலாமே என்று.

பார்க்கலாம். ஆனால் எல்லாக் கப்பலிலிருந்தும் முடியாது. எப்படியும் போகலாம் என்ற துணிச்சலில் கிளம்பவும் கூடாது.

மச்சு பிச்சு கடல் மட்டத்திலிருந்து 2,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஊட்டிக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த உயரம் புதிதல்ல. உண்மையான சிக்கல் அங்கே போகும் வழியில் உள்ள குஸ்கோ நகரம். அது 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். பஸ்ஸிலோ காரிலோ மெதுவாக ஏறுகிறவருக்கு உடம்பு பழகக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். கப்பல் பயணிக்கு அது கிடையாது. பல நாளாகக் கடல் மட்டத்திலேயே உண்டு உறங்கியவர், விமானத்தில் ஏறி ஒன்றேகால் மணி நேரத்தில் 3,300 மீட்டருக்கு மேல் போய் இறங்குகிறார். அதனால் இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்திச் சொல்லப்போவது இரண்டே விஷயம். முதல் இரவு குஸ்கோவில் தங்காதீர்கள், இறங்கியதும் கீழே போய்விடுங்கள். கப்பல் புறப்படும் நாளில் விமானப் பயணத்தைத் தவிர வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கையில் எத்தனை நாள்?

டிக்கெட் எதையும் வாங்குவதற்கு முன்னால் கப்பலின் நேர அட்டவணையை எடுத்து, எத்தனை இரவு கரையில் தங்க முடியும் என்று பாருங்கள். பகல் கணக்கைவிட இரவுக் கணக்குத்தான் முக்கியம்.

காலையில் வந்து மாலையில் கிளம்பும் கப்பலில் இது நடக்காது. ஓர் இரவு நிற்கும் கப்பலில் காகிதத்தில் சரியாக வருவது போலத் தோன்றும். நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு விமானம் தாமதமானாலும், ஒரு ரயில் ரத்தானாலும் ஒன்று மச்சு பிச்சு போய்விடும், இல்லாவிட்டால் கப்பல் போய்விடும். குறைந்தது இரண்டு இரவு வேண்டும். மூன்று இரவு கிடைத்தால் நிம்மதியாகப் போகலாம்.

அந்த இரண்டு மூன்று இரவுகளை எங்கிருந்து எடுப்பது? மிகவும் நல்ல வழி, பயணத்தைக் கயாவோவில் தொடங்கும் அல்லது முடிக்கும் கப்பலைத் தேர்ந்தெடுப்பது. அதில் முடிகிற கப்பல் இன்னும் நல்லது; இறங்கிய பிறகு உங்களுக்கென்று காத்திருக்கும் கப்பல் எதுவும் இல்லை.

அது அமையாவிட்டால், ஒரு துறைமுகத்தில் இறங்கி அடுத்த துறைமுகத்தில் ஏறும் முறை இருக்கிறது. தெற்கு நோக்கிப் போகும் பல கப்பல்கள் கயாவோவுக்கு அடுத்து பிஸ்கோ நகருக்குப் பக்கத்தில் உள்ள சான் மார்ட்டின் துறைமுகத்தில் நிற்கும். லிமாவிலிருந்து அது சாலை வழியாக ஏறக்குறைய 260 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். கப்பல் கயாவோவை விட்டுக் கிளம்பிய பிறகும் நீங்கள் மலையில் இருக்கலாம். மறுநாள் லிமாவுக்குப் பறந்து வந்து, காரில் தெற்கே போய்க் கப்பலைப் பிடிக்கலாம். இதற்குக் கப்பல் நிறுவனத்தின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். வாய் வார்த்தை போதாது. குடிவரவுப் பட்டியலில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் இது.

கப்பல் நிறுவனமே நடத்தும் மச்சு பிச்சு சுற்றுலாவும் உண்டு. விலை கணிசமாக அதிகம். ஆனால் வழியில் ஏதாவது தடங்கல் வந்தால் உங்களைக் கப்பலில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்தமாகப் போகிறவருக்காகக் கப்பல் காத்திருக்காது. வயதானவர்களோடு போகிறவர்கள், ஸ்பானிய மொழி தெரியாமல் தடுமாறுவோமோ என்று அஞ்சுகிறவர்கள் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

ஒரே இரவுதான் கிடைக்கிறது என்றால் மனம் தளர வேண்டாம். லிமாவுக்கு வடக்கே, சூப்பே பள்ளத்தாக்கில் காரால் (Caral) என்ற இடம் இருக்கிறது. சுமார் 5,000 ஆண்டுப் பழமையான நகரம். அமெரிக்கக் கண்டங்களிலேயே மிகப் பழைய நகர நாகரிகங்களில் ஒன்று. ரூத் ஷேடி என்ற தொல்லியல் அறிஞர் 1994 முதல் அங்கே ஆய்வு நடத்திவந்தார். 2009இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. மச்சு பிச்சு கட்டப்படுவதற்கு நாலாயிரம் ஆண்டுக்கும் முன்னால் வாழ்ந்த ஊர். 350 மீட்டர் உயரம்தான், தலைவலி வராது. அவ்வளவு தூரமும் வேண்டாம் என்றால் லிமாவின் தெற்கு விளிம்பில் பச்சக்காமாக் கோயில் வளாகத்தை அரை நாளில் பார்த்துவிடலாம்.

பதிவு செய்ய வேண்டிய வரிசை

பலர் முதலில் விமான டிக்கெட் வாங்கிவிடுகிறார்கள். முதலில் வாங்க வேண்டியது மச்சு பிச்சு நுழைவுச் சீட்டு. ஒரு நாளைக்குப் பொதுவாக 4,500 பேருக்குத்தான் அனுமதி. கூட்டம் அதிகமுள்ள சில நாட்களில் 5,600. பெரு கலாச்சார அமைச்சகத்தின் இணையதளத்தில் நாள், நேரம், சுற்றுப்பாதை மூன்றையும் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டும். 2025 நிலவரப்படி வெளிநாட்டுப் பெரியவருக்கு சாதாரணச் சீட்டு 152 சோல் (பெரு நாணயம்). சீட்டு கிடைத்த பிறகு ரயில், அப்புறம் விமானம், கடைசியாகத் தங்குமிடம்.

2024 ஜூன் முதல் உள்ளே மூன்று சுற்றுப்பாதைகள். முதலாவது மேல்தளங்களில் நின்று முழு ஊரையும் பார்க்கும் வழி, ஊருக்குள் இறங்காது. இரண்டாவது, படங்களில் நாம் பார்த்துப் பழகிய அந்தக் காட்சியையும் காட்டி, ஊருக்குள்ளும் கூட்டிப்போகும். மூன்றாவது கீழ்ப்பகுதி வழியாகப் போவது. ஏற்றம் குறைவு, ஆனால் மேலிருந்து பார்க்கும் காட்சி கிடையாது. முதல்முறை போகிறவர் இரண்டாவதையே எடுங்கள். அதுதான் முதலில் விற்றுத் தீரும், அதனால் மாதக்கணக்கில் முன்னதாகவே வாங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மூன்றாவது. பக்கத்துச் சிகரமான வாய்னா பிச்சுவில் ஏறும் சீட்டும் விற்கிறார்கள். கப்பலுக்குத் திரும்ப வேண்டியவருக்கு அது வேண்டாம்.

எல்லாச் சீட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எண்ணும் அப்படியே இருக்க வேண்டும். தமிழர் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும், இணையப் படிவமோ அதை நிரப்பாமல் நகராது. விமான நிறுவனம் எந்த முறையை ஏற்கிறதோ அதையே ரயிலுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் பயன்படுத்துங்கள். மூன்றிலும் மூன்று விதமாக எழுதினால் வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

விசா விஷயம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குப் பெரு விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகளில் ஒன்றின் நிரந்தரக் குடியிருப்பு அனுமதியோ, குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் விசாவோ இருந்தால் 2017 முதல் விலக்கு உண்டு. கப்பலிலிருந்து இறங்கித் துறைமுக ஊரைச் சுற்றிவருவது வேறு, உள்நாட்டில் இரவு தங்குவது வேறு. உங்கள் திட்டத்தை விவரமாக எழுதிக் கப்பல் நிறுவனத்திடமும் பெரு தூதரகத்திடமும் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உடம்புக்கான ஏற்பாடு

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னால் உங்கள் டாக்டரைப் பாருங்கள். இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், கர்ப்பம், அண்மையில் அறுவை சிகிச்சை என்று எது இருந்தாலும் அவர் சரி என்று சொல்லாமல் டிக்கெட் வாங்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் போகலாம். மருந்து அளவை அவரிடம் பேசிவிட வேண்டும்.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. டயமாக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். வழக்கமாக 125 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை, மேலே ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கச் சொல்வார்கள். கப்பல் பயணிக்கு இது மிகவும் பொருந்தும், ஏனென்றால் படிப்படியாக ஏறும் வசதி நமக்கு இல்லை. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். விரல் நுனி மரத்தது போல ஊறும், அடிக்கடி சிறுநீர் வரும், இவை எதிர்பார்க்கக்கூடியவைதான். கப்பல் மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

மச்சு பிச்சு வட்டாரத்துக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவையில்லை. ஆனாலும் பெரு, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து ஆறு நாளுக்குள் இந்தியா திரும்புகிறவரிடம் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியின் கடுமையான பக்கவிளைவுகள் சற்று அதிகம். டாக்டரின் ஆலோசனை இல்லாமல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

முதல் நாள்: மேலே போய், உடனே கீழே

முந்தின இரவே கப்பலின் வரவேற்பு மேசைக்குப் போய் உங்கள் அசல் பாஸ்போர்ட்டை வாங்கிவிடுங்கள். பல கப்பல்களில் அதை அவர்களே வைத்திருப்பார்கள். நகலை வைத்து ரயிலிலும் ஏற முடியாது, மச்சு பிச்சுவுக்குள்ளும் போக முடியாது.

லிமா விமான நிலையம் கயாவோவிலேயே, துறைமுகத்திலிருந்து சில கிலோமீட்டரில்தான் இருக்கிறது. தூரம் குறைவு என்று நம்பிவிடாதீர்கள். கப்பலுக்கு அனுமதி கிடைக்க வேண்டும், துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள் என்பதால் அவர்களுடைய பஸ்ஸில் வாசல்வரை வர வேண்டும், அப்புறம் கயாவோவின் போக்குவரத்து நெரிசல். கப்பல் கரை சேரும் நேரத்துக்கும் விமானம் கிளம்பும் நேரத்துக்கும் இடையில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள்.

குஸ்கோவில் இறங்கியதும் நகரத்தைப் பார்க்கும் ஆசை வரும். அழகான நகரம்தான், ஆனாலும் வேண்டாம். முன்கூட்டியே சொல்லி வைத்த காரில் ஏறி நேராக ஒயாந்தாய்தம்போ ரயில் நிலையத்துக்குப் போங்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். வழியில் சின்செரோ என்ற ஊர் வரும், அது குஸ்கோவைவிட உயரம், 3,760 மீட்டர். சந்தை பார்க்கலாம் என்று ஓட்டுநர் நிறுத்தப் பார்ப்பார், நன்றி சொல்லி மேலே போகச் சொல்லுங்கள். அதற்கப்புறம் சாலை உருபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கும். ஒயாந்தாய்தம்போ 2,790 மீட்டர். அங்கே மூச்சு இலகுவாவதை நீங்களே உணர்வீர்கள். 1530களில் இன்கா அரசர் மாங்கோ இன்கா ஸ்பானியப் படையைத் தோற்கடித்த கோட்டை அந்த ஊரில்தான் இருக்கிறது. ரயிலுக்கு நேரம் இருந்தால் கீழே நின்று பாருங்கள். முதல் நாளில் அந்தப் படிகளில் ஏற வேண்டாம்.

ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஆகுவாஸ் காலியெந்தேஸ் வந்துவிடும். மச்சு பிச்சுவின் அடிவாரத்து ஊர், 2,040 மீட்டர். அந்த வட்டாரத்தில் இரவு தங்க இதைவிடத் தாழ்வான நல்ல இடம் கிடையாது, அதனால்தான் முதல் இரவை இங்கே வைக்கிறோம். ரயிலில் பெரிய பெட்டி ஏற்ற மாட்டார்கள். இரண்டு நாளுக்கு வேண்டியதை ஒரு சிறு பையில் போட்டுக்கொண்டு மற்றதைக் கப்பல் அறையிலேயே விட்டுவிடுங்கள்.

அன்று மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். இரவு உணவு கொஞ்சமாக. சைவக்காரர்களுக்குக் கீன்வா சூப், உருளைக்கிழங்கு, சோளம் எங்கும் கிடைக்கும். லேசான தலைவலியும் குமட்டலும் வந்தால் ஓய்வு போதும். மலை நோய் மேலே போய்ச் சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும் என்பதை மறக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ அது அவசரம். உடனே மருத்துவ உதவி, உடனே இறங்குவது. "சீட்டு வாங்கிவிட்டோமே" என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

மச்சு பிச்சுவில்

அடிவாரத்திலிருந்து மேலே பஸ்ஸில் சுமார் அரை மணி நேரம், கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும் பாதை. உங்கள் நுழைவு நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகவே வரிசையில் நில்லுங்கள். பஸ்ஸுக்குத் தனிச் சீட்டு, அதற்கும் பாஸ்போர்ட். உள்ளே கழிவறை கிடையாது, வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். வாசலில் உள்ள கழிவறைக்குப் போய்விட்டு உள்ளே நுழையுங்கள், அதற்குச் சில்லறை சோல் வேண்டும். பெரிய பை, குடை, கேமரா முக்காலி, உணவு எதையும் அனுமதிப்பதில்லை. ஊன்றுகோல் வைத்திருப்பவர்கள் அதன் முனையில் ரப்பர் மூடி போட வேண்டும்.

தென்னமெரிக்க க்ரூஸ் காலம் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை. மலையில் அதுதான் மழைக்காலம். மழைக்கோட்டு கட்டாயம். கால் வழுக்காத செருப்பு போதாது, நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். கல்படிகள் ஈரத்தில் வழுக்கும். கூடவே வெயில் களிம்பும் பூச்சி மருந்தும்: மேகம் விலகினால் சுளீரென்று சுடும், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் கணுக்காலைக் கடித்துத் தள்ளும். பிப்ரவரியில் மூடுவது, மலை வழியே நடந்து மச்சு பிச்சு சேரும் இன்கா நடைபாதைதான், மச்சு பிச்சு திறந்தே இருக்கும்.

மழையைப் பார்த்து வருத்தப்படாதீர்கள். அந்த ஊரைக் கட்டியவர்களின் திறமையைப் பார்க்க மழை நாள்தான் சரியான நாள். இன்கா பேரரசர் பச்சக்கூத்தியின் காலத்தில், 15ஆம் நூற்றாண்டில் எழுந்த ஊர் இது. இரு சிகரங்களுக்கு நடுவே, கொட்டும் மழையில், ஒரு குறுகிய முகட்டில் இத்தனை கல்லை அடுக்கி வைத்தும் அது சரியாமல் நிற்கிறதே என்றால், காரணம் கீழே இருக்கிறது. அடுக்கு வயல்களின் அடியில் பெரிய கல், அதற்கு மேல் சல்லி, மணல், மேலே வளமான மண் என்று படுகை படுகையாகப் போட்டு நீரை வடியவிட்டிருக்கிறார்கள். குடிநீருக்கு மலைச்சரிவில் ஓர் ஊற்றைக் கண்டு, 749 மீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி, 16 நீர்த்துறைகளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றாக இறக்கியிருக்கிறார்கள். மழை பெய்யும்போது படிக்கட்டு ஓரங்களைக் கவனியுங்கள். தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

சுவர்களையும் நின்று பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. சாதாரண வீடுகளில் கரடுமுரடான கல்லும் மண் சாந்தும். கோயில்களில் சாந்தே இல்லாமல் கல்லோடு கல் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். வாசல்களும் மாடங்களும் மேலே போகப் போகக் குறுகும், சுவர்கள் உள்பக்கம் சாய்ந்திருக்கும். நிலநடுக்கத்தைத் தாங்கும் அமைப்பு இது. சூரியன் கோயிலின் வளைந்த சுவரில் ஒரு சன்னல் ஜூன் மாதச் சூரியத் திருப்ப நாளின், அதாவது அங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகல் கொண்ட நாளின், உதயத்தை நோக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் சுட்டிக்காட்டிச் சொல்ல ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது கொடுக்கும் பணத்துக்குத் தகும். 1911இல் அமெரிக்கரான ஹைரம் பிங்கம் இதை "கண்டுபிடித்தார்" என்று யாராவது சொன்னால், அப்போதே அங்கே விவசாயிகள் குடியிருந்ததையும், 1902இலேயே குஸ்கோ வட்டாரத்தைச் சேர்ந்த அகுஸ்தீன் லிசாராகா வந்து தன் பெயரைச் சுவரில் எழுதிவிட்டுப் போனதையும் நினைவில் வைத்திருங்கள்.

உள்ளே சுற்ற இரண்டரை மணி நேரம் ஆகும். பாதை ஒருவழிதான், தாண்டி வந்த இடத்துக்குத் திரும்ப முடியாது. அதனால் மேல்தளத்தில் மேகம் மூடியிருந்தால் அவசரப்பட்டு இறங்காமல் காவலர்கள் அனுமதிக்கும்வரை நில்லுங்கள். பத்து நிமிடத்தில் திறந்துகொள்வது சாதாரணம்.

கப்பலுக்குத் திரும்புவது

அன்று மதியமே ரயிலில் கிளம்புங்கள். இரண்டாவது இரவைக் குஸ்கோவில் வைக்கலாம். காலை விமானத்துக்கு அதுதான் வசதி. மலையில் ஓர் இரவு கழிந்திருப்பதால் உடம்பும் கொஞ்சம் பழகியிருக்கும். முதல் நாள் இரவே தலைவலியால் அவதிப்பட்டவர்கள் மட்டும் பள்ளத்தாக்கில் உள்ள உருபாம்பா ஊரில் தங்கி விடியற்காலையில் காரில் விமான நிலையம் வரலாம். மூன்றாவது இரவும் இருந்தால் அதை லிமாவில் செலவிடுங்கள்.

விமானத்தில் அன்றைய முதல் சேவையையே பிடியுங்கள். மேகமூட்டத்தால் அது ரத்தானாலும் அடுத்தடுத்து விமானங்கள் இருக்கும். கடைசி விமானத்தை நம்பி இருந்தால் அதற்கப்புறம் வழியே இல்லை. மழைக்காலத்தில் மண்சரிவால் ரயில் நின்றுபோவதும் உண்டு. 2010 ஜனவரி வெள்ளத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் சிக்கி, ஹெலிகாப்டரில்தான் மீட்கப்பட்டார்கள். 2023 ஜனவரியில் அரசியல் போராட்டத்தால் மச்சு பிச்சு சில வாரங்கள் மூடியே கிடந்தது. அதனால் கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகம் வரை போகும் செலவையும், உயரமான இடத்தில் வரும் நோய்க்கான சிகிச்சையையும் தரும் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். கப்பல் முகவரின் தொலைபேசி எண், அடுத்த துறைமுகங்களின் பெயர், தேதி எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மலையில் போன் சிக்னலை நம்ப முடியாது.

கடைசியாகப் பையை ஒருமுறை சோதியுங்கள். மேலே எல்லா விடுதியிலும் கோகா இலைத் தேநீர் கொடுப்பார்கள். பெருவில் அது சட்டப்படி சரிதான், குடிக்கலாம். ஆனால் குடித்த சில நாளுக்குச் சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் எடுத்ததாகக் காட்டக்கூடும். வேலைக்காக அப்படிப்பட்ட சோதனைக்கு உட்படுகிறவர்கள் தவிர்த்துவிடுங்கள். இலையோ, தேநீர்ப் பொட்டலமோ, கோகா மிட்டாயோ ஒன்றுகூடப் பையில் மிஞ்சக் கூடாது. பல நாடுகளில், இந்தியாவிலும்கூட, கோகா இலை தடைசெய்யப்பட்ட பொருள். விமானம் ஏறுமுன் குஸ்கோவிலேயே குப்பையில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.